ஏழாம் மேசையின் பத்தாவது நாற்காலி

பவளக்கொடிக்கு ஐம்பத்தெட்டு வயது முடிந்த வாரத்தில் கம்போங் தூலாங் கிராமத்துச் சீனக் கோயிலிலிருந்து கடிதம் வந்தது. திருவிழா விருந்தில் ஏழாம் மேசையில் அவளுடைய நாற்காலி ஐம்பத்தெட்டு வருடமாகக் காலியாக இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. மேசைக்குப் பத்துப் பேர் என்பது விதி. ஆகவே மற்ற ஒன்பது பேரும் இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை. சூப்பை ஆறாமல் பார்த்துக்கொள்வது சிரமமாக இருக்கிறது. வந்து உட்காரவும், அல்லது நாற்காலியை எடுத்துச் செல்லவும்.

கடிதம் தமிழில் இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

கணவர் தண்டபாணி அதை இரண்டு முறை படித்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் பேசுவார்.

"எடுத்துட்டே வந்துடு," என்றார். "நம்ம வீட்ல ஒண்ணு கொறையுது."

பவளக்கொடி பிறப்பால் சீனத்தி. இதில் ரகசியம் எதுவும் இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரியும். பிறந்த பன்னிரண்டாம் நாள், ரப்பர் பால்மரத் தோட்டத்தில் வேலை செய்த குப்பாயி அவளை ஒரு துண்டில் சுற்றி வாங்கி வந்தாள். அந்தக் காலத்தில் அப்படி நிறையப் பிள்ளைகள் வந்தன. குப்பாயி அவளுக்குக் காது குத்தினாள், மொட்டை போட்டாள், பயந்தால் எந்தச் சாமியைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். பவளக்கொடிக்குத் தமிழில் கனவு வரும், தமிழில் கோபம் வரும். சீனத்தில் ஒன்றும் வராது. குப்பாயி போய்ச் சேர்ந்து பதினொரு வருடம் ஆகிறது.

அந்த ஒன்பது பேரில் தன்னைப் பெற்றவள் இருப்பாளா என்பதுதான் பவளக்கொடியின் ஒரே கேள்வி. இருந்தால் பக்கத்தில் ஒரு தடவை உட்கார வேண்டும். இந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. குப்பாயி இருந்தவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. நினைத்தால் குப்பாயிக்குத் தெரிந்துவிடும்.

பச்சைப் பட்டு உடுத்தி, தேங்காய் பழத்தட்டோடு கிளம்பினாள். சீனச் சாமியானாலும் வெறுங்கையோடு போவது முறையில்லை. தண்டபாணி கம்போங் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"நீ போ. நான் பின்சீட்ட மடக்கி வைக்கறேன்," என்றார்.

வாசலிலிருந்து கோயில் இருபது அடி. நடந்தபோது முக்கால் மணி நேரம் ஆனது. முதல் முறை வருகிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று வழியில் பலகை வைத்திருந்தார்கள். கோயிலில் பறை போல் ஒன்று அதிர்ந்தது. சிவப்புக் காகித விளக்குகள் பட்டப்பகலில் எரிந்தன. அலுவலக வரிசையில் அவளுக்கு முன்னால் சிங்க ஆட்டத்துச் சிங்கம் ஒன்று நின்றது. பின்கால்காரர் வரவில்லை என்பதால் அதற்கு ஆட அனுமதி கிடைக்கவில்லை. முன்கால்களோடு மட்டும் திரும்பிப் போனது. பவளக்கொடிக்குப் பாவமாக இருந்தது.

அலுவலகம் என்பது ஒரு மேசையும் ஒரு மனிதரும்தான். பெயர் பூன் லெங். அப்பா தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்ததால் அவருக்குத் தோட்டத் தமிழ் சுத்தமாக வந்தது.

"பேரு?"

"பவளக்கொடி."

"அது அந்தம்மா வச்ச பேரு."

"இங்க என்ன பேரு வச்சாங்க?"

"எலி தின்னுடுச்சும்மா. பவளக்கொடியே இருக்கட்டும்."

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். முதல் கேள்வி: இருக்கிறீர்களா? பவளக்கொடி 'ஆம்' என்பதில் குறியிட்டாள். பூன் லெங் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். இரண்டாவது: போன காரணம். அதை ஏற்கெனவே யாரோ பென்சிலால் நிரப்பியிருந்தார்கள். பசி. மூன்றாவது: திரும்பி வந்த காரணம். அங்கே வெறும் கோடு.

"மேல எழுதுனதையே கீழயும் எழுதணும்," என்றார் பூன் லெங். "போன காரணமும் வந்த காரணமும் ஒண்ணா இருந்தாத்தான் நாற்காலி."

"நான் பசியோட வரலியே."

"இன்னைக்குப் பசிய யாரும்மா கேட்டா? இத்தன வருஷம் பசியோட இருந்தேன்னு அர்த்தம். ஒரே ஒரு வார்த்தை. எழுதிட்டு உக்காருங்க. அங்க பாருங்க, நேரமில்ல."

அவர் காட்டிய பக்கம் ஏழாம் மேசை இருந்தது. வட்ட மேசை. நடுவில் முழு மீன் ஒன்று ஆவி பறக்கக் கிடந்தது. ஒன்பது பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். காத்திருந்ததால் யாருக்கும் வயது ஏறவில்லை. ஒரு சித்தப்பா மட்டும் பொறுமை இல்லாதவர். காத்திருந்து காத்திருந்து ஆளுயர ஊதுபத்தியாகிவிட்டார். முக்கால்வாசி எரிந்திருந்தார்.

"அவர் முடிஞ்சிட்டா மேசைய எடுத்துடுவோம்," என்றார் பூன் லெங். "அப்புறம் எல்லாரும் பசியோட போக வேண்டியதுதான். நீலச் சட்டை போட்டிருக்காங்கல்ல, அவங்கதான் ஒங்கம்மா."

பவளக்கொடி பார்த்தாள். அம்மாவுக்கு முப்பது வயது. பவளக்கொடியின் மூத்த மகளைவிடச் சின்னவள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இடது சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருந்தது. பவளக்கொடிக்கும் அப்படித்தான். பக்கத்தில் காலி நாற்காலி. அதுவும் பிள்ளை நாற்காலியாக இருந்து வருடா வருடம் வளர்ந்திருக்க வேண்டும். கால்களில் பழைய பெயிண்ட் வெடித்து வெடித்து நீண்டிருந்தது.

பேனாவை எடுத்தாள். நான்கு அடி தள்ளி இருக்கிறது நாற்காலி. ஒரே ஒரு வார்த்தை.

குப்பாயி வீட்டில் மீன் வாங்கும் நாளில் ஒரு மீன்தான் வாங்குவாள். சதையை முள் பார்த்துப் பார்த்துப் பிள்ளை தட்டில் வைப்பாள். தலையைத் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். "எனக்குத் தலதான் புடிக்கும்," என்பாள். தட்டில் அதற்குமேல் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க விடமாட்டாள். பவளக்கொடிக்குக் கல்யாணமாகித் தன் கையால் மீன் வாங்கிச் சமைத்த பிறகுதான் தெரிந்தது, தலையை விரும்பித் தின்கிறவர்கள் ஊரில் அவ்வளவு பேர் இல்லை என்று.

பேனாவைக் கீழே வைத்தாள்.

"எழுத மாட்டேன்," என்றாள். "எங்கம்மா என்னப் பட்டினி போடல."

"எந்தம்மா?"

"எங்கம்மா."

பூன் லெங் பெருமூச்சு விட்டார். சித்தப்பாவின் சாம்பல் ஒரு விரல் நீளத்துக்கு உதிர்ந்தது.

அப்போது நீலச் சட்டைக்காரி தலையைத் திருப்பினாள். பட்டுப்புடவையை, பூவை, நெற்றிப் பொட்டை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"சியா பா போய்?"

பவளக்கொடிக்குத் தெரிந்த ஒரே ஹொக்கியன் சீன வாக்கியம் அது. சந்தையில் மீன்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்டுக்கொள்வது. சாப்பிட்டாச்சா? தோட்டத்திலும் எதிரில் வருகிறவர்களை இதைத்தான் கேட்பார்கள், பதிலுக்கு நிற்கமாட்டார்கள். நீலச் சட்டைக்காரி எழுந்து நின்றாள். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, பதிலுக்காக நின்றாள். ஐம்பத்தெட்டு வருடமாக இதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தாள் என்று பவளக்கொடிக்குப் புரிந்தது.

"சியா பா," என்றாள். பிறகு அது போதாது என்று தோன்றியது. "சாப்ட்டேன்மா. தினமும் சாப்ட்டேன். நல்லா சாப்ட்டேன்."

பூன் லெங் மொழிபெயர்த்தார். நீலச் சட்டைக்காரி உட்கார்ந்தாள். தோள்கள் இரண்டும் மெல்ல இறங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் சாப்பிடவில்லை. மேசையில் இன்னும் ஒன்பது பேர்தான்.

"வாயாலயே கெடுத்துக்கிட்டீங்களேம்மா," என்றார் பூன் லெங். "சாப்ட்டேன்னு சாட்சியோட சொல்லிட்டீங்க. இனிமே அழுதாலும் நாற்காலி கெடையாது." அவர் எழுந்து பத்தாவது நாற்காலியை மடக்கத் தொடங்கினார். அது மடங்க மறுத்தது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். பவளக்கொடிக்கு அப்போது அது ஒத்துக்கொள்ள முடியாத பேச்சாகப்பட்டது. முப்பது வயதுப் பெண், பச்சை உடம்புக்காரி, எதிரில் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இருங்க," என்றாள். "நான் உக்கார வேணாம். அவங்க சாப்பிடட்டும்."

"பத்துப் பேர் வேணும்மா."

"பரிமாற ஆள் வேணாமா?"

"பரிமாறவா?"

"எங்கள்ல வீட்டுக்காரங்க முதப் பந்தியில உக்காரமாட்டாங்க. நின்னு பரிமாறுவாங்க. எல்லாரும் எழுந்தப்புறம் கடைசியாச் சாப்பிடுவாங்க. நிக்கிறதால அந்த வீட்டு ஆளு இல்லன்னு ஆயிடுமா?"

பூன் லெங் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். உட்காருகிறவர்களைப் பற்றி நானூறு பக்கம் இருந்தது. நிற்கிறவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"சாமியத்தான் கேக்கணும்," என்றார்.

சாமி வெள்ளைத் தாடியோடு புகைக்குள் உட்கார்ந்திருந்தது. கம்போங் காவல் சாமி. நம் முனீஸ்வரர் பார்க்கிற வேலைதான், குதிரை மட்டும் இல்லை. பூன் லெங் அவள் கையில் பிறை வடிவத்தில் இரண்டு சிவப்புக் கட்டைகளைக் கொடுத்தார். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. ஒன்று மேடும் ஒன்று தட்டையுமாக விழுந்தால் சாமிக்குச் சம்மதம். மூன்று முறை தொடர்ந்து அப்படி விழ வேண்டும். பவளக்கொடிக்கு இது புதிதில்லை. மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துத்தான் அவள் கல்யாணமே நடந்தது.

முதல் முறை போட்டாள். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே விழுந்தன.

"சிரிக்குது," என்றார் பூன் லெங்.

"எதுக்குச் சிரிக்குது?"

"அத நாங்க கேக்கறதில்லம்மா."

மறுபடி போட்டாள். சம்மதம். மறுபடி. சம்மதம். சித்தப்பா எரிந்து முழங்கால்வரை வந்துவிட்டார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று முனீஸ்வரரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கடைசி முறை போட்டாள். ஒரு கட்டை மேடாக நின்றது. இன்னொன்று கோயிலைச் சுற்றி ஒரு வட்டம் உருண்டுவிட்டு வந்து தட்டையாகப் படுத்தது.

சம்மதம்.

பவளக்கொடி முந்தானையை இடுப்பில் செருகினாள். சூப் சட்டியைத் தூக்கினாள். பந்திக்கு முந்து என்பார்கள், அவள் ஐம்பத்தெட்டு வருடம் பிந்தி வந்திருந்தாள். மேசை அவள் நடக்க நடக்க அகன்றது. முதல் கிண்ணத்துக்கும் இரண்டாவது கிண்ணத்துக்கும் நடுவே ஒரு பர்லாங் இருந்தது. போதும் என்று கையால் மறைத்தவர்களின் கிண்ணத்திலும் விரலை விலக்கிவிட்டு ஊற்றினாள். குப்பாயி வளர்ப்பு. பரிமாறுகிறவளுக்குப் 'போதும்' காதில் விழக்கூடாது.

சித்தப்பாவிடம் வந்தபோது கை தவறி ஒரு கரண்டி சூப் அவர் தலையில் சிந்திவிட்டது. உஸ் என்று அணைந்தார். கொஞ்சம் குட்டையாகிப்போன சித்தப்பாவாக எழுந்து உட்கார்ந்து மிளகாய் கேட்டார். மிளகாய் வைத்தாள்.

நீலச் சட்டைக்காரி இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள். பவளக்கொடி பக்கத்திலேயே நின்று மூன்றாவது வைத்தாள். அதையும் சாப்பிட்டாள். பார்த்துக்கொண்டு நிற்பது அவ்வளவு நன்றாக இருந்தது. குப்பாயியும் இப்படித்தான் நின்று பார்ப்பாள்.

ஒன்பதாவது ஆள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தபோது மணி நாலு. பவளக்கொடிக்குக் கால் கடுத்தது. முதுகில் வியர்வை ஓடியது. வயிற்றுக்குள் ஏதோ கூப்பிட்டது. ஒரு கணம் என்னவென்று யோசித்தாள்.

"தம்பி, அந்தப் படிவத்தக் குடுங்க," என்றாள். பூன் லெங்குக்கு எழுபது வயது. எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது கோட்டில் எழுதினாள். பசி.

பூன் லெங் மேல் வரியையும் கீழ் வரியையும் ஒத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சரியா இருக்கு," என்று முத்திரை குத்தினார்.

நாற்காலி அவள் உயரத்துக்குச் சற்றே தாழ்ந்து கொடுத்தது. உட்கார்ந்தாள். வெளியே தண்டபாணி ஹாரன் அடித்தார். நாற்காலிக்கு வண்டியில் இடம் செய்தாகிவிட்டது என்று அர்த்தம்.

நீலச் சட்டைக்காரி எழுந்தாள். பவளக்கொடி கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். நடுவில் இருந்த மீனை யாரும் அதுவரை தொட்டிருக்கவில்லை. அதை இழுத்து, சதையைப் பிரித்து, வளைந்த சுண்டுவிரலால் முள் தடவிப் பார்த்துப் பார்த்து, தன்னைவிட இருபத்தெட்டு வயது மூத்த மகளின் தட்டில் வைத்தாள். தலையை எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டாள். ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் பவளக்கொடி.

"அவங்களுக்குத் தலதான் புடிக்குமாம்," என்றார் பூன் லெங்.

பவளக்கொடி கிண்ணத்தை எட்டிப் பார்க்கப் போனாள். அம்மா கையால் மறைத்துக்கொண்டாள்.