பொறுக்கி என்றதும் விழுந்த புரோகிராம்

என் வாயில் எஞ்சியிருக்கும் ஒன்பது பற்களின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

என் மாப்பிள்ளை ஒரு கால்நடை மருத்துவருக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். நோயாளியின் பெயரைத் தட்டினால் அதன் விவரம் தனிச் சன்னலில் திறக்கும். சன்னலின் தலையில் பெயர் ஏறும். திரையில் எந்தச் சன்னல் எங்கே நிற்க வேண்டும், எது முன்னால், எது பின்னால் என்று மேய்க்கிற விண்டோ மேனேஜரை எழுதியவள் என் மகள். மூன்று வருட உழைப்பு.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே மருத்துவர் போன் செய்தார்.

"சார், முதல் கேஸு. நாய் பேரு பொறுக்கி. பேரைத் தட்டினதும் உங்க புரோகிராம் கோவிச்சுக்கிட்டுப் போயிடுது."

மாப்பிள்ளை போனை வைத்தார். அவர் மனைவி, அதாவது என் மகள், இரண்டடி தூரத்தில் இருந்தாள். பேசியது என்னோடு.

"மாமா, தலைப்பு ஏறுறப்பதான் விழுது. தலைப்பு யாரோட டிபார்ட்மென்ட்னு உங்க பொண்ணையே கேளுங்க."

"அப்பா, என் மேனேஜர்மேலதான் தப்புன்னு அவரை நிரூபிக்கச் சொல்லுங்க. நிரூபிச்சா மொத்தத்தையும் இப்பவே அழிச்சிடறேன்."

சொன்னதோடு விடவில்லை. தன் கணினியில் அழிக்கும் கட்டளையை அடித்து, எண்டர் பொத்தானுக்கு மயிரிழை மேலே விரலை நிறுத்திக்கொண்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தரைக்குள் விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டிவிட்டது. போதாக்குறைக்கு எனக்குத் தும்மல். தும்மிய அதிர்வில் விரல் பட்டுவிட்டால் மூன்று வருடமும் போச்சு. ஒவ்வொரு தும்மலுக்கும் தெருமுனை வரை ஓடி, தும்மிவிட்டுத் திரும்பி வந்தேன்.

பதினோராவது ஓட்டம் முடிந்து மூச்சிரைக்கச் சொன்னேன்: "மாப்ள, மேனேஜரை நிறுத்திட்டு ஓட்டிப் பாருங்க. அது இல்லாதப்பவும் விழுந்தா யார் தலையில கட்டுவீங்க?"

தன் கணினியில் நிறுத்தினார். சன்னல்கள் தலைப்பட்டை போய் மொட்டையாக நின்றன. மேய்க்க ஆளில்லாததால் ஒன்று திரையின் விளிம்பைத் தாண்டி மேசைக்கடியில் விழுந்தது. தூசி தட்டி மேலே வைத்தேன். மாப்பிள்ளை பொறுக்கியைத் தட்டினார். புரோகிராம் பொத்தென்று விழுந்தது.

"சத்தம் கேட்டுதாப்பா?" என்றாள் மகள். விரலை எடுக்கவில்லை.

"விழுந்தா போதுமா மாமா? எந்த வரியில விழுதுன்னு தெரிய வேணாமா?"

விழும்வரை புரோகிராமில் எந்தெந்த வரி ஓடியது என்ற தடத்தை அச்சுக்கு அனுப்பினார். தாள் அறையை விட்டு வெளியேறி, மூன்று மாடி இறங்கி, தெருவைக் கடந்து பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றது. மாப்பிள்ளை முட்டிபோட்டுப் படித்துக்கொண்டே பின்தொடர்ந்தார். பேருந்துக்கு நின்ற ஒன்றாம் வகுப்பு டீச்சர், காலடிக்கு வந்த தாளைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, நாலாயிரத்துப் பன்னெண்டாவது வரி. பொறுக்கிக்கு நாலு எடம்தான் விட்டிருக்கீங்க."

"நாலு எழுத்துதானே டீச்சர்?"

"நமக்கு நாலு. கம்ப்யூட்டர் கொம்பு, சுழி, புள்ளி எல்லாத்துக்கும் தனி எடம் கேக்கும், மொத்தம் எட்டு. நீங்க எந்தப் பேரை வச்சு சோதிச்சீங்க?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். சோதனைக்கு அவர் வைத்த நோயாளிகளின் பெயர்கள் அ, ஆ, இ, ஈ. உயிரெழுத்துக்கு ஏது கொம்பும் புள்ளியும்?

மூன்று மாடியும் ஏறி வந்து மனைவியின் எதிரில் நின்றார்.

"தப்பு என்னுது. உன் மேனேஜர் தங்கம். விரலை எடு."

"அப்பாகிட்ட சொல்லுங்க."

"உன்கிட்டதான் சொல்றேன்."

விரலை எடுத்தாள். "மரத்துப்போச்சு. பிடிச்சு விடுங்க," என்று அவரிடமே நீட்டினாள். இருட்டும்வரை பிடித்துவிட்டார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள்; இரண்டும் ஆண்.