விளங்கிய கடிதம்

உயர்தரப் பாடத்தெரிவுப் படிவத்தின் மூன்றாவது கட்டம் நாலு நாளாக வெறுமையாகக் கிடந்தது. அதில் பிரெஞ்சு என்று எழுதச் சொல்லி அம்மா செபஸ்தியம்மா ஒற்றைக்காலில் நின்றாள். புவியியல் என்று எழுத ஜெனிற்றாவின் கை துடித்தது.

பத்தாம் வகுப்பில் பிரெஞ்சுப் பாடத்தை ஆசைப்பட்டு எடுத்தவளும் அவள்தான். நூலகத்து மொழிபெயர்ப்பு நாவல்களில் பனி பெய்தது, ரயில்கள் ஓடின, பெண்கள் யன்னலோரம் நின்று நீண்ட கடிதங்களைப் படித்து அழுதார்கள். மூல மொழியில் எல்லாம் இன்னும் அழகாயிருக்கும் என்று நம்பினாள். கிடைத்ததோ வேறு கடிதங்கள்.

குருநகரில் அவர்களுடைய ஒழுங்கையில் மட்டும் ஆறு வீட்டுப் பெடியன்கள் பிரான்சில் இருந்தார்கள். அகதிக் கோரிக்கைக்குப் பதில் வந்தால் படம்பிடித்து ஊருக்கு அனுப்புவார்கள். அங்கேயுள்ள தமிழரிடம் காட்டினால் கதை பாரிஸ் முழுக்கப் பரவிவிடும் என்ற பயம். ஆகவே ஜெனிற்றா படித்துச் சொன்னாள். கடிதத்தோடு வருகிறவர்கள் மீனும் கொண்டுவருவார்கள். செபஸ்தியம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. ஜெனிற்றாவுக்குக் கசந்தது. எல்லாம் மரியாதையாகத் தொடங்கி மறுப்பில் முடியும் கடிதங்கள். 'இல்லை' என்பதை மட்டுமே இத்தனை விதமாகச் சொல்லும் ஒரு மொழியை யாரால் நேசிக்க முடியும்?

அதே ஒழுங்கைச் சந்தியோகுவின் மகன் றோயின் கடிதம் தேவாலயத் திருநாளுக்கு முந்திய நவநாட்களில் வந்தது. கோரிக்கை நிராகரிப்பு, முறையீடு செய்ய ஒரு மாதத் தவணை. ஒரு சொல்லும் அவளுக்குத் தடக்கவில்லை. எதிரே காத்திருந்த சந்தியோகுவிடம் வாயெடுக்கும் முன் அம்மா அவளைக் குசினிக்குள் இழுத்தாள்.

"இந்த வருசம் சுருவம் தூக்கிற மனுசனடி. அழுதுகொண்டே தூக்கிறது? திருநாள் முடியட்டும்."

"இன்னும் விசாரிக்கினமாம், மாமா," என்றாள் ஜெனிற்றா.

சந்தியோகு மகிழ்ந்து போனார். புனிதரின் சிலையைத் தோளில் சுமந்து வீதிகளெல்லாம் சுற்றி வந்தார். திருநாள் முடிந்ததும் மகனுக்காக நன்றிப் பூசை ஒன்று ஒப்புக்கொடுத்தார். அதுவும் முடியட்டும் என்றாள் அம்மா. பிறகு சொல்ல வெட்கமாயிருந்தது. பிறகு பயமாயிருந்தது. மாதம் போய்விட்டது.

இன்று பின்னேரம் சந்தியோகு வந்து வாசலிலேயே நின்றார். றோய் வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரியிடம் கடிதத்தைக் காட்டியிருக்கிறான்.

"தவணை முடிஞ்சுதாம், பிள்ளை. இனி ஒளிச்சுத் திரியவேண்டியதுதானாம்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"நீ என்ன செய்வாய், சின்னப்பிள்ளை. கோட்டுக் கடுதாசி. உனக்கு விளங்கியிராது."

அம்மா அந்தச் சொல்லைப் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். "உவளுக்கு எங்கை, தம்பி, விளங்குது! பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு கடையிலை பாண் வாங்கத்தான் காணும்."

ஜெனிற்றா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதல் வரியிலேயே விளங்கியது, மாமா. அவ்வளவுதான் சொல்லவேண்டும். சொன்னால் அம்மாவும் அவளும் இந்த ஒழுங்கையில் தலைகாட்ட முடியாது. சந்தியோகுவின் கண்களில் சந்தேகம் துளியும் இல்லை. அவளுக்காக இரக்கந்தான் இருந்தது.

"ஓம் மாமா," என்றாள். "அந்தப் பாசை எனக்கு ஓடாது."

சந்தியோகு உள்ளே வந்து மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்தார். "பிறகேன் பிள்ளையைப் போட்டு வதைக்கிறியள், அக்கா? பிடிக்காததை விட்டிட்டு வேறை ஏதும் படிக்கட்டும். இல்லாட்டி நாளைக்கு இன்னொருத்தன்ரை பெடியனும்..."

அம்மா படிவத்தையும் பேனையையும் அவள் பக்கம் தள்ளினாள். "உனக்கு விருப்பமானதை எழுது," என்றாள், அவருக்குக் கேட்கும்படி.

நாலு நாளாகக் கேட்கக் காத்திருந்த சொல். ஜெனிற்றா அவர் முன்னாலேயே புவியியல் என்று எழுதினாள்.

சந்தியோகு எட்டிப் பார்த்தார்.

"வடிவான எழுத்து, பிள்ளை," என்றார்.