வூஃபர் வந்த நாள்

சுடலைராஜுக்கு மானம் போவது புதிதல்ல. ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவனுக்கு மேலதிகாரி வாயால் போகாத மானமா? அதெல்லாம் அடுத்தவர் வாங்கிய மானம், போனால் போகட்டும். இந்த ஆடி மாதம் சொந்த ஊர் இலஞ்சியில் அவனே தன் கையால் தொலைத்தது வேறு ரகம்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த கையோடு மிலிட்டரி கேன்டீனில் ஒரு ஒயர்லெஸ் ஹோம் தியேட்டர் வாங்கிப் போட்டான். டிவிக்குக் கீழே நீளமாக ஒரு சவுண்ட்பார், பின்னால் இரண்டு சின்ன ஸ்பீக்கர். பக்கத்து வீட்டுக் குத்தாலிங்கம் அண்ணாச்சி ஞாயிறு தவறாமல் படம் பார்க்க வந்துவிடுவார். குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜராக இருந்தவர். அருவிச் சத்தத்திலேயே பழகிய காதுக்கு இது போதவில்லை. எல்லாம் கேக்குது, ஆனால் நெஞ்சில் வந்து இடிக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வார். அதைச் சாக்கு வைத்துத்தான் இவன், அடித்தொனியை மட்டும் அதிர அதிரக் கொடுக்கிற சப்வூஃபர் பெட்டிக்கு ஆர்டர் போட்டான். இருக்கிற சத்தம் காணாதா என்று மனைவி அனுசியா கேட்டதற்கும் அண்ணாச்சி பேரையே சொல்லித் தப்பித்தான்.

கூத்தைப் பாருங்கள், வூஃபர் பெட்டி வந்து சேர்ந்தது அண்ணாச்சி செத்த மறுநாள்.

மாரடைப்பு. விடியற்காலையில் ஆள் போய்விட்டார். மகன் இசக்கிதுரை துபாயிலிருந்து வர வேண்டும் என்பதால் உடம்பை ஃப்ரீசர் பெட்டியில் வைத்து, முன்னறையில் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் அது ஒரே சுவர். டாக்டரைக் கூட்டி வந்தது, பெட்டிக்குச் சொன்னது, பந்தல், நாற்காலி எல்லாம் சுடலைராஜ்தான். கூடப் பிறந்தவன்கூட இப்படி ஓடமாட்டான் என்று தெருவே சொன்னது. அவனுக்கும் அதைக் கேட்கக் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் குளித்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தான். அனுசியா பக்கத்துத் துட்டி வீட்டில் பெண்களோடு இருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கூரியர்க்காரன் வந்து பெட்டியை இறக்கினான்.

பிரித்து மட்டும் பார்ப்போம் என்று பிரித்தான். கரண்டு மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுத்தான். சவுண்ட்பாரோடு சேருகிறதா என்று மட்டும் பார்ப்போம் என்று பின்னாலிருந்த பொத்தானை அமுக்கினான். மினுக் மினுக்கென்று அடித்த விளக்கு நிலையாக நின்றது. அத்தோடு எழுந்து குளிக்கப் போயிருக்கலாம், பாவி. பிணம் எடுக்கிறவரைக்கும் தெருவில் ஒருத்தரும் டிவி போட மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினான். சவுண்டை நாலில் வைத்தான். வூஃபரின் அளவை மட்டும், அது தனி என்பதால், கடைசி வரை ஏற்றினான். யூடியூபில் ஒரு பேஸ் டெஸ்ட் போட்டான். டும்... டும்... என்று நிதானமாக ஒரு அடி. காதில் விழுந்தது கொஞ்சம்தான். உள்ளங்காலில் ஏறியது. ஆகா, இதைத்தானே அண்ணாச்சி கேட்டார் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

மூலையில் வைத்தால் அதிர்வு கூடும் என்று கூட வந்த காகிதத்தில் போட்டிருந்ததால் மூலையில் வைத்திருந்தான். அது எந்தச் சுவரின் மூலை என்று அவன் யோசிக்கவேயில்லை.

பக்கத்து வீட்டில் கூப்பாடு கேட்டது. மகன் வந்துவிட்டான்போல என்று நினைத்து, டிவியை அணைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

அங்கே அண்ணாச்சி மனைவி ஆவுடைத்தாய் பெட்டியின் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். காதை வைத்தேன், நெஞ்சு துடிக்குது, உசிரு இருக்கு என்று கத்தினாள். கைவைத்துப் பார்த்த இன்னும் நாலு பேரும் துடித்தது உண்மை, இப்பத்தான் நின்றது என்றார்கள். துடித்தது எது என்று அந்த இடத்தில் சுடலைராஜ் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அதற்குள் மூடியைத் திறந்து அண்ணாச்சியைத் தரையில் கிடத்திவிட்டார்கள். பட்டாளத்தில் முதலுதவி படித்தவன், நீ பாரு என்று இவனைப் பிடித்துத் தள்ளினார்கள்.

அவன் பார்த்தான். முழங்காலிட்டு, ஐஸாகக் கிடந்த அந்த நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, எண்ணி எண்ணி அமுக்கினான். இது பொய் என்று தெரிந்தே அமுக்கினான். எதிரே ஆவுடைத்தாய் கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வந்து, நேற்றே போன உசிரு, பெட்டி மோட்டார் அதிர்ந்திருக்கும் என்று சொல்கிறவரை நிறுத்தவில்லை. ஆவுடைத்தாய் டாக்டரை நம்பவில்லை.

மகன் வந்தான், எல்லாம் முடிந்தது. ஆனால் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஆவுடைத்தாய் ஒன்றையே சொன்னாள். உசிரோடு இருந்த மனுசனை ஐஸ் பெட்டியில் வைத்து நானே கொன்றுவிட்டேன் என்றாள். சுடலைத் தம்பி மட்டும் எவ்வளவோ பாடுபட்டுச்சு என்பதையும் விடாமல் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பான். விடிந்தால், தெருவில் எல்லோரும் தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்ற நினைப்பு முந்திக்கொள்ளும். வூஃபரைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். கேட்ட அனுசியாவிடம் பழுது, திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒரு பொய்யையும் சொல்லி வைத்தான்.

ஒன்பதாம் நாள் அனுசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆவுடைத்தாய் மைனி கஞ்சியைக்கூடத் தொடுவதில்லை, பதினாறு வரைக்கும் தாங்க மாட்டாள் என்றாள். சுடலைராஜ் செருப்பைக்கூடப் போடாமல் போனான்.

ஆவுடைத்தாய் அந்தச் சுவரோரமே சுருண்டு படுத்திருந்தாள். மகன் பக்கத்தில் இருந்தான்.

"மைனி, அன்னைக்குத் துடிச்சது அண்ணாச்சி இல்ல. எங்க வீட்டு வூஃபர். நாந்தான் போட்டேன்."

புரியாமல் பார்த்தாள். வந்த பெட்டி, சாத்திய கதவு, சுவர் மூலை என்று ஒன்றுவிடாமல் சொன்னான். இசக்கிதுரை எழுந்து நின்றான். அடிக்கட்டும், ரெண்டு அடி விழுந்தால் நல்லது என்றுதான் இவனும் நின்றான். ஆவுடைத்தாய் மகனைக் கையமர்த்திவிட்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்போ நாங்க பெட்டியில வைக்கையிலயே அவுக போயிட்டாவளா?"

"போயிட்டாவ மைனி. நீங்க ஒண்ணும் செய்யல."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை நாளில் புருஷனுக்காக அவள் அழுத முதல் அழுகை அதுதான். அழுது முடித்து, மகனிடம் கொஞ்சம் கஞ்சி கொண்டா என்றாள். பாதி குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள். அப்புறம் சுடலைராஜை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"ஒம்பது நாளும் இந்தச் சுவத்துக்கு அங்கனதான தம்பி இருந்தே?"