செவ்வாய்க்கிழமை மூன்றரை மணி விமானம்

என் கணவர் நவரத்தினத்தைக் கேட்காமல் ஆக்லாந்தில் எங்கள் ஆட்கள் யாரும் புது வீட்டில் பால் காய்ச்சுவதில்லை. கார் எடுப்பதென்றாலும், பிள்ளைக்கு ஏடு தொடக்கி முதலெழுத்து எழுதுவிப்பதென்றாலும், விசாவுக்குப் பத்திரம் கொடுப்பதென்றாலும் ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டு டெலிபோன்தான் அடிக்கும். பகல் முழுவதும் ஒரு கந்தோரில் பாலங்களுக்குப் படம் கீறுகிற மனிதர், பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பித்த பஞ்சாங்கத்தை விரித்துவிடுவார். மணித்தியாலங்களைக் கூட்டிக் கழித்து, ராகு ஆக்லாந்துக்கு எத்தனை மணிக்கு வந்து இறங்குகிறார் என்று பென்சிலால் குறித்து வைப்பார். இதற்கு ஒரு சதம் வாங்க மாட்டார். மரியாதை போதும் என்பார். அது தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

என் பெயர் பத்மாவதி. ஒனேஹங்காவில் படங்களுக்குப் பிரேம் போடுகிற கடையில் வேலை. மரச்சட்டம் அறுப்பேன், கண்ணாடி வெட்டுவேன், படத்தைச் சுற்றி வைக்கிற மட்டையைக் கத்தியால் சரிவாகச் சீவுவேன். முதலாளி டேவ் என் மூலை இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அந்த மனிதர் அதற்கு மேல் யாரையும் புகழ மாட்டார்.

கடைக்கு வருகிற படங்களில் ஒன்று எனக்குப் பிடித்துவிட்டது. பனிக்காலம். குன்றின் மேலிருந்து மூன்று வேட்டைக்காரர் களைத்துப்போய் வீடு திரும்புகிறார்கள். பின்னால் நாய்கள். கீழே உறைந்துபோன குளத்தில் சனங்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். நானூறு வருடத்துக்கு முந்திய படம் என்று டேவ் சொன்னார், அசல் வியன்னாவில் இருக்கிறதாம். ஆக்லாந்தில் பனியே கொட்டாது, அதனாலோ என்னவோ ஆளுக்காள் அதை வாங்கிக்கொண்டு வந்தார்கள். நாலு வருடத்தில் நாற்பது ஐம்பது தரமாவது அதற்குப் பிரேம் போட்டிருப்பேன். ஒவ்வொரு தரமும் மட்டை நாலு கரையிலும் அரை அங்குலம் படத்தை விழுங்கும். அந்த அரை அங்குலத்துக்குள் என்ன இருக்கிறது என்று வேலை அவசரத்தில் நின்று பார்த்ததில்லை. அசலை ஒரு தரம் பார்க்க வேண்டும், அதற்கு எந்த மாதிரிப் பிரேம் போட்டிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். இந்த ஆசையை நான் வீட்டில் சொன்னதில்லை. சொன்னால், "படம் பாக்கிறதுக்கோ அவ்வளவு தூரம்?" என்று கேட்பார் என்று தெரியும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு லண்டனில் என் தம்பியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. டிக்கெட் போடுகிற இடத்தில் இருந்த அபர்ணா, திருச்சிக்காரப் பெண், கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஆன்ட்டி, வியன்னா வழியா போனா ஒரு நாள் அங்க நின்னு பாத்துட்டுப் போகலாம். செவ்வாய்க்கிழமை காலைல இறங்கலாம், அன்னிக்கு ராத்திரியே லண்டன் ஃபிளைட் இருக்கு."

அப்போதுதான் வாயைத் திறந்து, வியன்னா மியூசியத்தில் ஒரு படம் பார்க்க வேண்டும் என்றேன். என் கணவர் எந்தப் படம் என்று கேட்கவில்லை. கைப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"செவ்வாய்க்கிழமை ஒரு பயணமும் வேண்டாம் பிள்ளை. ஒரு நாள் முன்னுக்குப் போடும்."

"திங்கட்கிழமையா சார்? ஆமா, அதுலயும் சீட் இருக்கு."

"அது நல்ல நாள்," என்றார் இவர். திங்கட்கிழமை நிறைந்த அமுதயோகமாம். நானும் மகிழ்ந்துபோய்த் தலையாட்டினேன். எத்தனையோ பேருக்கு நாள் பார்த்துக் கொடுத்தவர், எனக்கு மட்டும் பிழையாகப் பார்ப்பாரா?

திங்கள் காலை ஏழு மணிக்கு வியன்னாவில் இறங்கினோம். ஏழரை தொடக்கம் ஒன்பது வரை ராகு காலம். ஆகவே புது ஊரின் மண்ணை மிதிக்காமல், விமான நிலையத்து நாற்காலியில் ஒன்றரை மணித்தியாலம் கோப்பியைக் குடித்துக்கொண்டு குந்தியிருந்தோம். ஒன்பது அடித்து ஒரு நிமிடத்தில் எழும்பினார்.

ஆனால் அந்த ஊரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆக்லாந்தில் ஒரு கட்டடம் நூறு வயதைத் தொட்டால் அதற்குப் பித்தளைப் பலகை அடித்துக் கொண்டாடுகிறோம். இங்கே அறுநூறு, எழுநூறு வயதுக் கற்கள் ஒன்றும் நடக்காதது போல நிற்கின்றன, அவற்றின் கீழே ஆட்கள் ஐஸ்கிரீம் தின்கிறார்கள். நடு ஊரில் இருக்கிற பெரிய தேவாலயத்தின் கூரையில் பச்சையும் மஞ்சளும் கறுப்புமாக ஓடுகள் கோடு கோடாக ஓடுகின்றன. யாரோ கைவேலைக்காரி கட்டடத்துக்குக் குளிருக்குப் பின்னிப் போட்ட கம்பளிச் சட்டை மாதிரி இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தெற்குக் கோபுரத்தில் ஏறுவோம் என்று இவர்தான் சொன்னார். படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார்.

"முன்னூற்றி நாப்பத்தி மூண்டு. ஒற்றைப்படை. பாத்தீரே, விசயம் தெரிஞ்ச ஆக்கள் கட்டியிருக்கிறாங்கள்," என்றார், மூச்சு வாங்கியபடி.

இறங்கி, ஊரை வட்டமாகச் சுற்றுகிற டிராமில் ஏறினோம். ஒப்பரா, அரண்மனை, பார்லிமென்ட், நகரமண்டபம் என்று ஒன்றை வாய்க்குள் போட்டு விழுங்குவதற்குள் அடுத்தது வந்தது. எல்லாவற்றிலும் தூண்கள், தூண்களின் மேல் சிலைகள், சிலைகளின் கையில் இன்னும் ஏதாவது. இவ்வளவையும் ஒரு வீதியில் நிறுத்தி வைக்க எவ்வளவு திமிர் வேண்டும் என்று நினைத்தேன். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

மியூசியத்துக்கு வரும்போது பன்னிரண்டு மணி. ஒரு பெரிய சதுக்கம், நடுவில் மகாராணி சிலை. இரண்டு பக்கமும் இரண்டு மாளிகைகள், குவிமாடம் முதல் வாசற்படி வரை அச்சொட்டாக ஒரே மாதிரி. படங்கள் இருக்கிற மாளிகையின் படியில் நான்தான் முதலில் ஓடி ஏறினேன். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடிக்குள் ஒரு சிறு அட்டை. ஜெர்மன் தெரியாவிட்டாலும் கிழமையின் பெயரை மூளை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை பூட்டு.

"அதனாலென்ன, எதிர்ப்பக்கம் திறந்துதானே கிடக்குது. அதுவும் மியூசியம்தான், அதே கட்டடம்தான்," என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். டிக்கெட்டும் வாங்கினார். பளிங்குப் படிகள், தங்கம் பூசிய கூரை, எல்லாம் இருந்தன. உள்ளே டைனோசரின் எலும்பு. வானத்திலிருந்து விழுந்த கல்லுகள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆயிரம் வண்ணத்துப்பூச்சி. வேறொரு நாள் என்றால் நாளெல்லாம் நின்று பார்த்திருப்பேன், அவ்வளவு அருமையான இடம். அன்றைக்கு அந்த டைனோசர் என்னைப் பார்த்துப் பல்லிளிப்பது போல இருந்தது. வெளியே வந்து மகாராணியின் காலடியில் கிடந்த நீள வாங்கில் குந்திவிட்டேன்.

"பசிக்குதோ?" என்றார்.

"இல்லை."

"கால் நோகுதோ?"

"இஞ்சாருங்கோ, நான் ஒரு படம் பாக்க வந்தனான். நீங்கள் நல்ல நாள் பாத்தீங்கள். உங்கடை நல்ல நாளிலை அந்தப் படத்தைப் பூட்டி வைச்சிருக்கிறாங்கள். இண்டைக்கு இரவு பிளேன் ஏறினால் இனி என்ரை சீவியத்திலை இந்தப் பக்கம் வரமாட்டன். என்னோடை கதைக்காதேங்கோ."

கத்தவில்லை. அதனால்தான் அவருக்குச் சுட்டிருக்க வேண்டும். நான் கத்துகிற நாட்களில் அவர் பேப்பர் வாசிப்பார். கைப்பையை என் பக்கத்தில் வைத்தார். பிறகு, "இதிலையே இரும்," என்று சொல்லிவிட்டு, ஒப்பராப் பக்கமாக இருந்த விமான டிக்கெட் கந்தோரைத் தேடிப் போனார். ஒரு மணித்தியாலம் ஆளைக் காணவில்லை. வந்தபோது சேர்ட் வியர்வையில் ஒட்டியிருந்தது.

"புதன், வியாழன் எல்லாம் நிரம்பிப்போச்சுதாம். வெள்ளி கலியாணம். நாளைக்கு ஒண்டிலைதான் இடம் இருக்கு. எழுதுவிச்சுப்போட்டன்."

"எத்தினை மணிக்கு?"

"மூண்டரைக்கு."

முப்பது வருடம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவள் நான். செவ்வாய்க்கிழமை மூன்று தொடக்கம் நாலரை என்ன காலம் என்று நித்திரையிலும் சொல்லுவேன்.

"அது ராகு காலமெல்லே?"

"தெரியும்," என்றார்.

அன்றிரவு ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். செவ்வாய் காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் முதல் ஆட்களாக நின்றது நாங்கள்தான். மேல்மாடியில் பல அறைகளைக் கடந்து அந்த அறைக்குள் போனேன். சுவரில் பெரிதாக, என் இரண்டு கையையும் விரித்தால் எட்டுகிற அகலத்தில், அந்தப் பனி. ஐயோ, அதன் நிறம்! அச்சடித்த தாளில் வானம் அழுக்குப் பச்சையாகத்தான் இருக்கும். இங்கே குளிர் அப்படியே முகத்தில் அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு தொழிற்புத்தி வந்துவிட்டது. பிரேமின் மூலையைப் பார்க்க மூக்கைக் கொண்டுபோனேன். காவல்காரர் அதட்டினார். இவர் என் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்து, அவரிடம் இங்கிலீசில், "என் மனைவி பிரேம் போடுகிறவர், ஆக்லாந்தில் மிக நல்ல பிரேம் அவருடையதுதான்," என்றார். என் பிரேம் ஒன்றைக்கூட இவர் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. காவல்காரர் சிரித்துவிட்டு ஓரடி விலகி நின்றார்.

கரைகளைப் பார்த்தேன். இடப்பக்கம் கீழே, வேட்டைக்காரர் நடந்து வந்த பனியில் அவர்களின் காலடித் தடங்கள் படத்தின் விளிம்பு வரை பதிந்திருந்தன. நாலு வருடமாக அந்தத் தடங்களின் தொடக்கத்தை மட்டைக்குக் கீழே வைத்து மூடியது நான்தான். ஒருத்தனின் ஈட்டியில் ஒரேயொரு மெலிந்த நரி தொங்கியது. வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் அவர்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். இவர் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். ஒரு தரமும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கடைசியில் போவோம் என்று சொன்னது நான்தான்.

விமானம் மூன்றரைக்கு எழும்பியது. இவர் கண்ணை மூடிக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், லண்டனில் சக்கரம் நிலத்தில் படும்வரை விடவில்லை.

ஆக்லாந்துக்குத் திரும்பிய கிழமை, வழக்கம்போல, போட்டோ பார்க்க ஆட்கள் வந்தார்கள். மாசியில் வீடு வாங்கி, குடிபூர நாள் கேட்க வந்திருந்த இராசரத்தினமும் அவர் மனைவி சரோஜாதேவியும் ஒரு பக்கம். அடுத்த வீதிக் குலசிங்கம் மறுபக்கம். அல்பம் கைமாறியது. தேவாலயக் கூரையைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். குலசிங்கம் எதற்கும் கணக்குக் கேட்கிற மனிதர்.

"அண்ணை, வியன்னாவிலையிருந்து எண்டைக்கு லண்டனுக்கு ஏறினீங்கள்?"

திங்கட்கிழமை என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் முடிந்தது. நானே அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"செவ்வாய்க்கிழமை," என்றார் இவர். "பின்னேரம் மூண்டரைக்கு."

இராசரத்தினம் கடித்துக்கொண்டிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார். இவ்வளவு பேருக்கும் நாள் சொன்ன மனிதர், பச்சை ராகு காலத்தில் கடல் கடந்திருக்கிறார்.

"அப்ப... எங்கடை வீட்டுக்கு நாள்?" என்று இழுத்தார் இராசரத்தினம்.

"அது பாத்துச் சொல்லுறன். நல்ல நாள்தான் சொல்லுவன்."

"ஏன் அண்ணை அப்படிச் செய்தீங்கள்?" என்று சரோஜாதேவி கேட்டாள்.

இவர் அல்பத்தை மூடி மடியில் வைத்தார்.

"இவ நாலு வருசமா ஒரு படத்துக்குப் பிரேம் போட்டுக்கொண்டிருக்கிறா, தங்கச்சி. அது என்ன படம் எண்டு நான் ஒரு நாளும் கேக்கேல்லை. டிக்கெட் போட்ட இடத்திலையும் கேக்கேல்லை, நாள் மட்டும்தான் பாத்தனான். அந்த வாங்கிலை இவ பேசாமல் இருக்கேக்கைதான் எனக்கு விளங்கினது. அதைப் பாக்காமல் இவவைக் கூட்டிக்கொண்டு ஏறியிருந்தால், எந்த நல்ல நேரத்திலை ஏறினாலும் எனக்கு அது கெட்ட நேரம்தான்."

தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது, நான் எழும்பிப் போய் அதை எடுக்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் அவர் பக்கத்து நாற்காலியில் போய் இருந்தேன். எங்கள் ஆட்களின் வீட்டில் ஆண்கள் இருக்கிற வரிசையில் பெண்கள் இருப்பதில்லை. அன்றைக்கு நான் இருந்தேன்.