ஜெர்மனியிலிருந்து வந்த கறுப்பு வண்டி

வியாழக்கிழமைகளில் சதுரங்கம் ஆடப் போவதாகத் திஹோமிர் சொல்ல ஆரம்பித்தது செப்டம்பர் மாதத்தில். நெவேனா முதலில் அதை நல்ல சேதியாகத்தான் எடுத்துக்கொண்டாள். நாள் முழுக்க மலைச்சரிவுகளில் நிலம் அளந்துவிட்டு வந்து, டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிற மனிதன். நாலு பேரோடு சேர்ந்து காய் நகர்த்தட்டுமே என்று நினைத்தாள். ஆனால் சதுரங்கம் ஆடிவிட்டு வருகிறவன் எதற்காகக் குளியலறையில் அரைமணி நேரம் கை கழுவ வேண்டும்?

திரோயான் ஊரின் கடைத்தெருவில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு. மற்றவர் கண்ணுக்குத் தப்புகிற கீறல் அவள் கண்ணுக்குத் தப்பாது. அக்டோபர் முதல் வாரத்துக்குள் இன்னும் சிலதைக் கவனித்துவிட்டாள். வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டிருந்த வண்டியை இப்போது பின்தெருவில் நிறுத்துகிறான். வாசல் மரத்திலிருந்து பிசின் சொட்டுகிறதாம். காலையில் அவளுக்கு அரைமணி முன்னாலேயே எழுந்து, சட்டைப் பொத்தான் கூடப் போடாமல் வெளியே ஓடுகிறான். போன் அடித்தால் பால்கனிக்குப் போய்ப் பேசுகிறான்.

வண்டி வந்தது அந்த வருஷ வசந்தத்தில். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் முப்பது வருஷம் கழித்துக் கூடிய விருந்துக்குத் திஹோமிர் தன் பழைய ரஷ்ய ஜீப்பில் போய், அதை உணவகத்தின் பின்பக்கம் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒளித்து நிறுத்தினான். மூன்று வாரம் கழித்து, பதினெட்டாயிரம் லெவா கொடுத்து, பன்னிரண்டு வயதான கறுப்பு நிறப் பெரிய வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். தோல் இருக்கை, மரம் இழைத்த முகப்பு, கண்ணாடிக் கூரை, அமர்ந்தால் முதுகுக்குச் சூடு கொடுக்கிற வசதி. ம்யூனிக்கில் வயசான டாக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் எடுத்த வண்டி என்று விற்றவன் சத்தியம் செய்தானாம். நெவேனா நம்பவில்லை. ஆனால் மார்ச் மாதக் குளிரில் அந்தச் சூட்டு இருக்கையில் சாய்ந்தபோது, "உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு திஹோ" என்று மனசாரச் சொன்னாள்.

அந்த விருந்துக்கு ஜெர்மனியில் இருக்கும் ஷ்டுட்கார்ட்டிலிருந்து வந்திருந்தாள் ராலிட்சா. பள்ளி நாட்களில் திஹோமிர் அவள் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தது ஊருக்கே தெரியும். இப்போது விவாகரத்து ஆனவள். வட்டமாகக் கைகோர்த்து ஆடியபோது இரண்டு பாட்டு முழுக்க அவன் கையை விடவில்லை. அன்றைக்கு நெவேனா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் சிரிப்பு நின்றது. திஹோமிர் முகம் மழித்துக்கொண்டிருந்தான். மேஜை மேல் இருந்த அவன் போன் ஒளிர்ந்தது. பெயர் இல்லை, எண் மட்டும். "ஜெர்மனியிலருந்து வந்தாச்சு. வியாழன் ஆறு மணிக்கு வா. பணம் கொண்டு வா."

அன்று கடையில் ஒரே லென்ஸை மூன்று தடவை கெடுத்தாள். கூட வேலை செய்கிற கெர்கினா அவள் கையிலிருந்து நான்காவதைப் பிடுங்கி வைத்தாள். கெர்கினா தன் புருஷனை ஏழு வருஷத்துக்கு முன்பே வீட்டைவிட்டு அனுப்பிவிட்டவள்.

"என்னடீ ஆச்சு உனக்கு? கண்ணாடி என்ன பாவம் பண்ணுச்சு?"

நெவேனா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். கெர்கினா கேட்டு முடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சதுரங்கமாம் சதுரங்கம்! என் ஆளு மீன் பிடிக்கப் போறேன்னான். மூணு வருஷத்துல ஒரு மீன் வீட்டுக்கு வரல. எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கணும்."

"பணம் எதுக்குடீ கேக்கிறா?"

"அதை அவகிட்டயே கேப்போம். வியாழக்கிழமை என் வண்டில போறோம். நீ அழாம இருந்தா போதும்."

வியாழக்கிழமை ஐந்தரைக்கு கெர்கினாவின் சின்னச் சிவப்பு வண்டி பின்தெரு முனையில் காத்திருந்தது. கறுப்பு வண்டி புறப்பட்டது. நதிக்கரையில் இருக்கும் சதுரங்க மன்றத்தைத் தாண்டிப் போனது. மூடிக்கிடக்கும் பழைய ஜாம் தொழிற்சாலையின் மதிலைச் சுற்றி, சேறும் சகதியுமான சந்து ஒன்றில் திரும்பியது.

"இங்க எந்தப் பொம்பளடீ குடியிருப்பா?" என்றாள் கெர்கினா.

கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. கதவு இடுக்கில் வெளிச்சம். பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். பிறகு நெவேனா இறங்கினாள். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்க் கதவைத் தள்ளினாள்.

கறுப்பு வண்டி ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அதன் அடியில் சாம்பல் நிற அழுக்கு உடுப்பில், முகத்தில் கறுப்பு எண்ணெய் வழிய, கையில் டார்ச்சோடு நின்றிருந்தான் அவள் புருஷன். அவனுக்குப் பக்கத்தில், அறுபது வயது இருக்கும், தொப்பை பெருத்த ஒரு மெக்கானிக்.

"ராலிட்சா எங்க?" என்றாள் நெவேனா.

திஹோமிர் டார்ச்சைக் கீழே போட்டான். "எந்த ராலிட்சா?"

"நடிக்காத. ஜெர்மனியிலருந்து வந்தாச்சுன்னு மெசேஜ் வந்துச்சே, நான் படிச்சேன். எங்க அவ?"

மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பலகை மேல் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து, ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ஒரு கறுப்பு ரப்பர் சாமானைத் தூக்கிக் காட்டினார்.

"இதாம்மா வந்தது. முன்பக்கத்துக் காத்துப் பை. இடதுபக்கத்துது."

பின்னால் வந்து நின்ற கெர்கினா எட்டிப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கா" என்றாள்.

நெவேனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, செருப்பில்லாத காலை இன்னொரு கால்மேல் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. நாலு நாளாக நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது. திஹோமிர் கிட்டே வந்து, தொடலாமா வேண்டாமா என்று எண்ணெய்க் கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் ராத்திரி தூங்கி நாலு நாளாச்சுடா" என்றாள்.

"நான் தூங்கி அஞ்சு மாசமாச்சு" என்றான் அவன்.

அப்புறம் கொட்டித் தீர்த்தான். மே மாதத்திலேயே வண்டி ஒருநாள் காலையில் மூக்கைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைத்த வண்டி அது; பை ஓட்டையானால் ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று இறங்கிவிடும். அதனால்தான் பின்தெரு, அதனால்தான் விடியற்காலை ஓட்டம். அவள் பார்ப்பதற்குள் இஞ்சினைப் போட்டுக் காற்று ஏற்றி நிமிர்த்தி வைக்க வேண்டும். பை போனதும் காற்றடிக்கும் மோட்டார் போனது. அது முடிந்தால் எண்ணெய்க் கசிவு. அப்புறம் கூரை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி ஒயர்கள் நனைந்துபோயின. விற்றவனின் போன் எண் இப்போது யாருக்கும் போவதில்லை. கையில் இருந்தது சாமான் விலைக்கே சரியாகிவிட்டதால், கூலிக்குப் பதிலாக வியாழக்கிழமைகளில் இந்த மெக்கானிக் லியூபோவுக்கு உதவியாளாக வேலை செய்வதாக ஏற்பாடு.

"கூலியாளா ஒண்ணும் மோசமில்ல, கை சுத்தமான ஆளு. ஸ்பானர் மட்டும்தான் மாத்தி எடுத்துக் குடுப்பான்" என்றார் லியூபோ.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் நெவேனா. இப்போது கோபம் வந்துவிட்டது. "நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னிருப்பேன்?"

திஹோமிர் தரையைப் பார்த்தான். "பொருத்தமா இருக்குன்னு சொன்ன இல்ல. அதுக்கு முன்னாடி எந்தப் பொருளுக்கும் நீ அப்படிச் சொன்னதில்ல."

நெவேனா எழுந்து லியூபோவின் முன்னால் போய் நின்றாள்.

"லியூபோ அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. இந்தப் பையை மாட்டிட்டா இதோட முடிஞ்சுதா?"

லியூபோ தலையை மேலே தூக்கி நாக்கால் 'ட்ச்' கொட்டினார். இல்லை.

"கியர்பாக்ஸ் முனக ஆரம்பிச்சிருச்சு. இந்தக் குளிர்காலம் தாங்கினா பெருசு. கேளும்மா, இது புதுசா வந்தப்போ ஒன்றரை லட்சம் லெவா. இன்னிக்கு வண்டி வெல எறங்கிருச்சு. ஆனா அதோட ஒரு நட்டு வெல கூட எறங்கல. உன் வீட்டுக்காரர் வாங்கினது பதினெட்டாயிரம் வண்டி. ரிப்பேர் பண்றது ஒன்றரை லட்சம் வண்டியை. டயர், இன்சூரன்ஸ், வரி, டீசல், எல்லாமே அந்த ஒன்றரை லட்சத்துக் கணக்குலதான். மீட்டர்ல லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர்னு இருக்கே? பெடல் ரப்பரைப் பாரு, மூணு லட்சம் கிலோமீட்டருக்கு மிதிபட்டிருக்கு. அந்த டாக்டர் சர்ச்சுக்கு வாராவாரம் ரோமுக்குத்தான் போயிருக்கணும்."

"பேசாம ராலிட்சாவையே வெச்சிருந்தா செலவு கொறைஞ்சிருக்கும்" என்றாள் கெர்கினா.

"வாயை மூடுடீ" என்றாள் நெவேனா. ஆனால் மறுபடியும் சிரித்துவிட்டாள்.

அன்று மூவரும் சிவப்பு வண்டியில் வீடு திரும்பினார்கள். திஹோமிர் பின்சீட்டில் முழங்கால் முகவாயில் இடிக்க மடங்கி உட்கார்ந்திருந்தான். வீட்டுப்படியில் ஏறும்போது, "வித்துடலாம்" என்றான். "வித்துடலாம்" என்றாள்.

விற்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. முதலில் வந்தது செவ்லியேவோவிலிருந்து ஓர் இளம் ஜோடி. பெண் மாசமாக இருந்தாள். பையன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். சூட்டு இருக்கையில் உட்கார்ந்து பார்த்தான். போன வசந்தத்தில் திஹோமிர் முகத்தில் இருந்த அதே வெளிச்சம். புதுப் பை மாட்டிய வண்டி அன்று ராஜா மாதிரி நிமிர்ந்து நின்றது.

"யார் வெச்சிருந்த வண்டிண்ணே?" என்று கேட்டான் பையன்.

நெவேனா சமையலறை ஜன்னலில் சுட்ட குடைமிளகாயின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"ம்யூனிக்ல ஒரு வயசான டாக்டர்..." என்று தொடங்கினான் திஹோமிர். நிறுத்தினான். அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தான். "அப்படின்னு என்கிட்ட ஒருத்தன் கதை விட்டான் தம்பி. மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டி. கியர்பாக்ஸ் போகப்போகுது. உனக்கு இது வேணாம்."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டது ஜன்னல் வரை கேட்டது. "நான் சொன்னேன்ல!" என்று புருஷன் முதுகில் ஒரு அடி வைத்தாள். அவர்கள் போனதும் நெவேனா மிளகாயோடு வெளியே வந்து, அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "பணம் போச்சே" என்றான். "போகட்டும்" என்றாள்.

நவம்பர் நடுவில் லோவெச்சிலிருந்து அஸ்பாரு என்ற கல் வியாபாரி வந்தார். திஹோமிர் இந்தத் தடவை அவர் கேட்பதற்கு முன்பே குறைகளையெல்லாம் ஒப்பித்துவிட்டான். அஸ்பாரு குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கியர்பாக்ஸ் போயிடுச்சா?"

"போய்க்கிட்டே இருக்கு."

"ரொம்ப நல்லது" என்றார் அவர். "என்கிட்ட இதே வண்டி, இதே வருஷம். புயல்ல மரம் விழுந்து கூரையும் இஞ்சினும் நசுங்கிப்போச்சு. கியர்பாக்ஸ் மட்டும் போன வருஷம்தான் புதுசா போட்டேன். ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்கிடுவேன். உங்க இஞ்சின் எப்படி?"

"அது மட்டும்தான் இதுவரைக்கும் என்னை ஏமாத்தல."

எட்டாயிரத்து ஐந்நூறு லெவாவுக்குப் பேசி முடித்தார்கள். "குறையைச் சொல்லி விக்கிற ஆளை முதல் தடவையா பாக்கிறேன். ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு அஸ்பாரு கைகுலுக்கினார்.

லோவெச்சில் நோட்டரி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தான் திஹோமிர். தெருவுக்கு வந்ததும் அவன் அப்படியே நின்றான். கறுப்பு வண்டி திருப்பத்தில் மறைகிற வரை பார்த்தான். பிறகு, "பசிக்குது" என்றான். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பாணிட்சா இரண்டு துண்டு வாங்கி, நெய் ஒழுக ஒழுக, பேருந்து நிலையம் வரை நடந்துகொண்டே தின்றார்கள். பாதியில் அவன் நெவேனாவின் துண்டிலும் கை வைத்தான்.

திரோயான் போகிற பேருந்து ஆடி அசைந்து புறப்பட்டது. பாதி வழியில், ஒரு மேட்டில், முன்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. ஓட்டுநர் ஓரங்கட்டிவிட்டுத் திரும்பினார்.

"கொதிச்சிருச்சு. எல்லாரும் எறங்குங்க. ஆறணும்."

திஹோமிர் சீட்டிலிருந்து துள்ளி எழுந்தான். கோட்டைக் கழற்றிச் சட்டைக் கையை மடக்கியும்விட்டான். முகம் வெளுத்து, வாய் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது: தண்ணீர் பம்பா, குழாயா, எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும். இரண்டு எட்டு வைத்து நின்றான். மெதுவாக நெவேனாவின் பக்கம் திரும்பினான்.

"நெவேனா, இது நம்ம வண்டி இல்ல" என்றான்.

"இல்ல" என்றாள் அவள்.

"நாம ஒண்ணும் பண்ண வேணாம்."

"ஒண்ணுமே பண்ண வேணாம். வா, வெளிய வெயில் அடிக்குது."

சாலையோரப் புல்லில் கோட்டை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார். மற்ற பயணிகள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முனகினார்கள். திஹோமிர் மல்லாந்து படுத்தான். அடுத்த நிமிஷமே குறட்டை கேட்டது. பேருந்து மறுபடி கிளம்ப முக்கால் மணி நேரம் ஆனது. எழுப்ப மனமில்லாமல், மற்ற எல்லாரும் ஏறிய பிறகுதான் நெவேனா அவனை எழுப்பினாள்.