மெசினுக்குக் கிடைத்த வெளிச்சம்

எங்கள் லயத்தின் வரிசை வீட்டு அடுப்படிகளுக்குச் சன்னல் வேண்டும் என்று, தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரைமார் மாறும்போதெல்லாம் கேட்டிருக்கிறோம். புதிதாக வருகிற ஒவ்வொரு துரையும் தலையை ஆட்டுவார். அந்த விஷயத்தில் மட்டும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களில்லை.

அக்கரப்பத்தனைக் குளிரில் ஈரக் குச்சியை ஊதி ஊதிச் சமைக்கிற எங்களுக்குப் புகை பழகிப்போனது. பக்கத்து வீட்டுச் சிறில் அண்ணனுக்குத்தான் பழகவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் சூளைக்கு விறகு போட்டே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். வீட்டில் அடுப்புப் பற்றினால் போதும், இழுப்பு வந்து உட்கார்ந்துவிடும். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குவார். "புகைக்கூண்டு ஒண்ணு வச்சுக் குடுத்தா இந்த மனுசன் காலை நீட்டிப் படுப்பாரு" என்பதுதான் அவர் மனைவி மார்கிரட் அக்கா மாதாவிடம் கேட்கிற ஒரே வரம்.

மாதா, யாழ்ப்பாணத்து உமாசுதன் சேரை அனுப்பி வைத்தார். பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர். தீப்பெட்டி அளவில் ஒரு நீலப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே பெரோவ்ஸ்கைட் என்று ஒரு பொருளை மெல்லிய படலமாகப் பூசியிருக்கிறார்களாம். பட்டரி வேண்டாம், வயர் வேண்டாம். வெளிச்சம் பட்டால் அதுவே கரண்ட் எடுத்துக்கொண்டு, புகையிலிருக்கும் நச்சுவாயுவைக் கண்டுபிடித்துச் சொல்லுமாம். அளவு மிஞ்சினால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. சிவப்பு விழுந்தால் லயம் முழுவதற்கும் புகைக்கூண்டு கட்டித்தர ஏதோ வெளிநாட்டு நிதி தயாராக இருந்தது. எங்கள் இருமலை நம்பாதவர்கள் பெட்டியை நம்புவார்களாம். நம்பிவிட்டுப் போகட்டும்.

அக்காவின் அடுப்படிச் சுவரில் பெட்டியை மாட்டினார். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. முன்னறையில் மட்டும்தான் பல்பு. அடுப்படி நடுப்பகலிலும் கும்மிருட்டு.

"இதுக்கு வெளிச்சம் வேணும் அக்கா. வெளிச்சம்தான் இதின்ர சாப்பாடு" என்றார் சேர்.

"எங்களுக்கும்தாங்க வேணும்" என்றார் அக்கா.

சேர் துரைக்குப் போன் போட்டார். மறுநாளே கண்டாக்கு கணேசமூர்த்தி ஏணியோடு வந்து நின்றார். தேயிலை மலையில் எங்களை விரட்டி வேலை வாங்குகிற மேற்பார்வை மனிதர், அன்றைக்கு ஆட்களை விரட்டி, கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றி, வெளிச்சம் விடுகிற பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் போட வைத்தார். நாங்கள் வருஷக்கணக்கில் கேட்டும் கிடைக்காதது, வாய் பேசாத ஒரு பெட்டிக்கு ஒரே ராத்திரியில் கிடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். அக்காவோ அடுப்படிச் சுவரின் கரியை முதல்முறையாக வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ஐயோ, இதுக்குள்ளயா இம்புட்டு நாளா சோறாக்குனேன்" என்று வாயில் கைவைத்தார்.

பெட்டி வேலை செய்யத் தொடங்கியது. பச்சை. அடுத்த நாளும் பச்சை. வாரம் முழுக்கப் பச்சை.

அதுவும் நியாயம்தான். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓட வேண்டிய நாங்கள் விடியுமுன் அடுப்பு மூட்டுவோம், மலையிலிருந்து இறங்கி இருட்டிய பிறகு மறுபடி மூட்டுவோம். அந்த நேரமெல்லாம் பெட்டி வெளிச்சமில்லாமல் தூங்கும். பகலில் அது கண் விழித்துப் பார்க்கும்போது அடுப்பில் பூனை படுத்திருக்கும்.

அக்கா இதைச் சொன்னதும் சேர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து, பகலிலேயே அடுப்பு மூட்டச் சொன்னார். இருக்கிறதிலேயே ஈரமான குச்சிகளாகப் பார்த்து நான்தான் அள்ளிக் கொடுத்தேன். புகை குபுகுபுவென்று எழுந்தது. சிவப்பு இதோ விழுகிறது என்று எல்லோரும் பெட்டியையே பார்த்தோம். புகையோ, பழைய தகரத்துக்கும் புதுத் தகடுக்கும் ஒட்டாமல் போன இடைவெளியைக் கண்டுபிடித்து, யாருக்கும் தொந்தரவு தராமல் வெளியே போனது. பச்சை.

முன்னறையில் சிறில் அண்ணன் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தகடு போட்ட வாரத்திலிருந்தே அப்படித்தான். அக்கா அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவா அழவா என்று அவருக்கே தெரியவில்லை.

"எனக்கு விளங்குது அக்கா. ஆனா மேலிடத்துக்கு நம்பர் மட்டும்தான் விளங்கும்" என்றார் சேர். தான் எழுதியனுப்பிய விளக்கத்தை மேலிடம் ஒதுக்கிவிட்டதாகப் பிறகு போனில் சொன்னார். எங்கள் லயத்துக் காற்று நல்ல காற்று என்று முடிவாகிவிட்டது. புகைக்கூண்டு இல்லை.

பெட்டியைக் கழற்ற அவர் வந்த அன்றைக்கே கண்டாக்கும் வந்தார். ஏணியோடு, பழைய தகரத்தோடு.

"மெசினு போனா தகடும் ஸ்டோருக்கு வரணும். தொரை உத்தரவு."

அக்கா அடுப்படி வாசலில் கையை விரித்து நின்றார். எப்போதும் அதிர்ந்து பேசாதவர் அன்றைக்குக் குரலை உயர்த்தினார்.

"சேர், உங்க மெசினுக்குப் பசிக்குதுன்னு கூரையப் பிரிச்சாங்க. இன்னிக்கு அத மூடுனா, இந்த மனுசன் மறுபடியும் ஒக்காந்துதான் தூங்கணும். மெசினுக்கு இருக்குற மரியாத மனுசனுக்கு இல்லீங்களா?"

சேர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் என்னவோ செய்தார். பிறகு திரும்பி, "ஐயா, தகட்டில கை வைக்கக் கூடாது. ஆராய்ச்சி இன்னும் முடியேல்லை. பெட்டி இஞ்சதான் இருக்கும்" என்றார்.

ஆராய்ச்சி என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் தனி மதிப்பு. கண்டாக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் சேர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நகத்தளவு படலம் ஒன்று பளபளத்தது.

"சுவரில இருக்கிறது வெறும் பெட்டி அக்கா. இடைக்கிடை துடைச்சு வையுங்கோ."

அடுத்த மாதம் லயத்தைச் சுற்றிப்பார்க்க வந்த துரை, அந்த வெறும் பெட்டியின் முன்னால் நின்று, "மெசினுக்கு ஒன்னும் ஆகாம பாத்துக்கங்க" என்று சொல்லிப் போனார். அக்கா தலையை ஆட்டினார். துரைமாரிடம் கற்றுக்கொண்டதுதான்.

அன்றிரவு சிறில் அண்ணனின் குறட்டை சுவரைத் தாண்டிக் கேட்டது. சுவருக்கு இந்தப் பக்கம், என் அடுப்படியில், கண்ணெரிய நான் ஊதிக்கொண்டிருந்தேன். ஊதுகுழலைப் போட்டுவிட்டு உமாசுதன் சேருக்குப் போன் போட்டேன்.

"சேர், மார்கிரட் அக்கா பக்கத்து வீட்டு ரோகினி பேசுறேங்க. வெறும் பெட்டி இன்னொன்னு இருக்குங்களா?"



"லயத்தில எத்தினை வீடு?" என்று கேட்டார்.