பாதி மாத்திரை

அறுபது வயதில் அர்ச்சுனனுக்குச் சர்க்கரை கண்டது. ஒடுகத்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை எழுந்ததும் விழுங்கிவிட்டுக் கொல்லை வேலைக்குப் போவான். எழுபதை நெருங்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை.

அந்த மாசியில் புளி உலுக்கப் போனவன், வேர்த்துக் கொட்ட மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். மனைவி சுந்தரம்மாளை நிமிர்ந்து பார்த்து, "செல்லம்மா, புள்ள தூங்குதா?" என்றான்.

செல்லம்மா மூத்த தாரம். பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தவள். சுந்தரம்மாள் அவளைப் பார்த்ததுகூட இல்லை.

"பெரியம்மாதான் வந்து புட்சிருக்கு" என்று மகன் கோபால் பூசாரியைக் கூட்டி வந்தான். பூசாரி வேப்பிலை அடித்து வெல்லத் தண்ணீர் புகட்டினார். சற்று நேரத்தில் அர்ச்சுனன் தெளிந்து, "ஏன் எல்லாரும் கூடி நிக்கிறீங்க?" என்றான். செல்லம்மாவுக்குப் படையல் போட்டார்கள்.

அடுத்த மாதம் மறுபடி வந்தது. இந்த முறை அவனால் விழுங்கவே முடியவில்லை. புளி ஏற்ற வந்த லாரியில் போட்டு ஒடுகத்தூருக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். ஊசியை எடுப்பதற்குள் கண் திறந்துவிட்டான்.

"என்ன சாப்பிடறார்?" என்று சுந்தரம்மாளைக் கேட்டார்.

"பல்லு போய்ட்ச்சிங்க. காலையில ஒண்ணும் வேணாம்னுடுவாரு. மத்தியானம் கொஞ்சம் கூழுங்க."

"மாத்திரை?"

"அது மட்டும் தவறாதுங்க."

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "நல்லா சாப்பிட்டு உழைச்ச ஆளுக்கு எழுதினதும்மா அது. இப்ப சாப்பாடு குறைஞ்சுபோச்சு. வயசானதால கிட்னியும் மெதுவா வேலை செய்யுது, மருந்து உள்ளேயே தங்கிடுது. சர்க்கரை ரொம்ப இறங்கினா புத்தி தடுமாறும். நான் முன்னாடியே குறைச்சிருக்கணும்." இனிப் பாதி மாத்திரை, அதுவும் சாப்பிட்ட பிறகு என்றார்.

ஊர் திரும்பும் வழியில் அர்ச்சுனன் கேட்டான். "மயக்கத்துல இன்னா பேசினேன்?"

"செல்லம்மாவக் கூப்ட்டய்யா."

பேய் என்றால் பூசாரி விரட்டியிருப்பார், அன்று தெளியவைத்தது வெல்லத் தண்ணீர்தான் என்று சுந்தரம்மாள் நினைத்துக்கொண்டாள். இது அவனுடைய சொந்த ஞாபகம். அதை யார் விரட்டுவது?

அப்புறம் அந்த மயக்கம் வரவில்லை. காலையில் அவள் கூழோடு எதிரில் வந்து உட்காருவாள்.

"பசிக்கலடி."

"பசிக்காட்டியும் குடிய்யா. அப்புறந்தான் மாத்திர."

அவன் குடித்து முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கமாட்டாள்.